தரவைத் திருத்துகிறார்கள், மாநாடு கூட்டுகிறார்கள், புகை மட்டும் குறையவில்லை: இதை எப்படி நம்புவது?

உங்கள் கேள்வி நீளமானது. தவறாகப் புரிந்துகொண்டு பதில் எழுதிவிடக் கூடாது என்பதால், நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பூமி சூடாகிறது என்று காட்டும் வரைபடங்கள் ‘திருத்தப்பட்ட’ தரவுகளைக் கொண்டு வரையப்பட்டவை என்று படித்திருக்கிறீர்கள். 1992 முதல் உலக நாடுகள் மாநாட்டுக்கு மேல் மாநாடு கூட்டியும் உமிழ்வு குறையவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். வளர்ந்து முடித்த நாடுகள், இனி வளர வேண்டிய நாடுகளுக்குக் கடிவாளம் போடவே இதையெல்லாம் செய்கின்றன என்று உங்களுக்குத் தோன்றுகிறது. இதை வெளியே சொன்னால் ‘அறிவியலை மறுப்பவர்’ என்று முத்திரை குத்துகிறார்கள். கடைசியாக ஒரு நல்ல கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள்: எதைக் கண்டால் இந்தத் துறையில் இருக்கும் என் போன்றவர்கள் மனத்தை மாற்றிக்கொள்வார்கள்?

இதில் இரண்டு சந்தேகங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வெப்பமானியின் மீது, மற்றொன்று ஒப்பந்தங்களில் நாடுகள் இட்ட கையெழுத்தின் மீது. முதலாவதற்கான பதில் இயற்பியலிலும் பதிவேடுகளிலும் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில், நாடுகள் என்ன வாக்குறுதி அளித்தன, பிறகு என்ன செய்தன என்பதில் இருக்கிறது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் சந்தேகம் கேட்கத் தகுந்தது, கேட்கப்பட்டது, விடையும் கிடைத்துவிட்டது. இரண்டாவது சந்தேகத்தில் நியாயம் நிறையவே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் பலிக்கவில்லை என்பதை வைத்து வெப்பமானி பொய் சொல்கிறது என்று முடிவுகட்ட முடியாது. மருத்துவர் அதிகக் கட்டணம் வாங்கினார் என்பதால் நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது.

வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். வெப்பநிலைத் தொடர்களை, அதாவது ஆண்டுக்கணக்கில் வரிசையாக எடுத்த அளவுகளைப் பற்றிச் சொல்வதை என் தொழில் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். வளிமண்டல இயற்பியல் படித்திருக்கிறேன். ஆனால் காலநிலைக்கான கணினி மாதிரிகளை உருவாக்கியவன் அல்ல. ஒப்பந்தச் சட்டமும் பொருளாதாரமும் எனக்கு வாசிப்பால் வந்தவை. அந்தப் பகுதியில் என் தீர்ப்பை அக்கறையுள்ள ஒரு வாசகனின் தீர்ப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

‘திருத்தம்’ என்ற சொல்தான் உங்களை உறுத்துகிறது. உறுத்த வேண்டியதுதான். ஆகவே எதைத் திருத்துகிறோம் என்பதை அருகில் வைத்துக் காட்டுகிறேன். நாளின் உச்ச வெப்பநிலையைக் குறிக்கும் பழைய வெப்பமானியில் பாதரசம் ஏறும். ஏறிய இடத்திலேயே நின்றுவிடும். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாயைப் போலத்தான். பார்வையாளர் நாளுக்கு ஒருமுறை வந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, உதறிவிட்டு, மறுபடி பெட்டியில் வைப்பார். அவர் மாலை 5 மணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கடும் வெயில், உச்சம் 38 டிகிரி. மாலையில் அவர் உதறி வைக்கும்போதும் வெளியே 37 டிகிரி இருக்கிறது. பாதரசம் 37இல் நின்றுகொள்கிறது. செவ்வாய்க்கிழமை மேகமூட்டம், வெப்பநிலை 32ஐத் தாண்டவே இல்லை. ஆனால் அன்று மாலை அவர் வந்து பார்க்கும்போது வெப்பமானி 37 என்றுதான் காட்டும். ஒரே வெயில் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிட்டது.

அமெரிக்காவின் தன்னார்வப் பார்வையாளர்களில் பெரும்பகுதியினர் 20ஆம் நூற்றாண்டின் போக்கில் மாலைப் பார்வையை விட்டுக் காலைப் பார்வைக்கு மாறினார்கள். காலையில் பார்த்தால் பிழை தலைகீழாகும். குளிர்ந்த விடியற்காலை இருமுறை எண்ணப்படும். காற்றில் ஒரு மாற்றமும் இல்லை, கடிகாரத்தில்தான் மாற்றம்; பதிவேடோ அந்த இடம் குளிர்ந்ததாகச் சொல்லும். இந்தப் பொய்க் குளிர்ச்சியை நீக்கினால் அமெரிக்க வரைபடத்தில் வெப்ப ஏற்றம் கூடத்தான் செய்யும். ‘திருத்தி ஏற்றினார்கள்’ என்ற குற்றச்சாட்டில் பெரும்பங்கு இங்கிருந்து கிளம்பியது.

நான் கையாண்ட ஒரு நிலையத்தின் தொடரில், ஓர் ஆண்டின் நடுவே வெப்பநிலை அரை டிகிரிக்கு மேல் சரிந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சுற்றியிருந்த எந்த நிலையத்திலும் அப்படியொரு சரிவு கிடையாது. காரணம் பிடிபடாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூலப் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டியபோது, பக்க ஓரத்தில் மங்கிய நீல மையில் ஒரே ஒரு வரி கிடைத்தது: வெப்பமானிப் பெட்டி கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து புல்வெளிக்கு மாற்றப்பட்டது. அந்த வரியை எழுதி வைத்த மனிதருக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். எழுதாமல் விட்டவர்கள் பலர். அவர்களுடைய நிலையங்களை அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதில் பிழை நேர இடமுண்டு. தனியொரு நிலையத்தின் திருத்தம் தவறாகப் போன சம்பவங்களும் உண்டு.

கடலில் கதை வேறு மாதிரி. அந்தக் காலக் கப்பல்களில் கித்தான் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, நீர் மொண்டு, மேல்தளத்துக்கு இழுத்து வெப்பநிலை பார்ப்பார்கள். இழுக்கும் நேரத்திலும் தளத்தில் வைத்திருக்கும் நேரத்திலும் ஈரமான கித்தானிலிருந்து நீர் ஆவியாகும். வாளித் தண்ணீர் கடலைவிடச் சற்றுக் குளிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது இரவில் விளக்கேற்றித் தளத்தில் நிற்பது எதிரிக்கு இடம் காட்டிக்கொடுக்கும் என்பதால், இயந்திர அறைக்குள் வரும் கடல்நீரில் அளக்கும் வழக்கம் பரவியது. அந்த நீர் சற்றுச் சூடாகவே இருக்கும். ஆகவே 1941ஐ ஒட்டிக் கடல் திடீரென்று சூடானதுபோல மூலத் தரவு காட்டுகிறது. வாளியின் குளிர்ச்சியைக் கணக்கிட்டு 1940க்கு முந்தைய எண்களை உயர்த்தினால், கடந்த நூற்றாண்டின் மொத்த ஏற்றம் குறைகிறது. பூமியின் பரப்பில் 70 விழுக்காட்டுக்கு மேல் கடல் என்பதால் கடைசிக் கணக்கில் இந்தத் திருத்தமே மேலோங்குகிறது. நிலமும் கடலும் சேர்ந்த உலகச் சராசரியில், திருத்தாத தரவுதான் கூடுதல் வெப்பமடைதலைக் காட்டும். வெப்பத்தை ஊதிப் பெருக்குவது எங்கள் நோக்கமாக இருந்திருந்தால், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருக்கலாம்.

‘நகரங்களின் கான்கிரீட் சூட்டைத்தானே அளக்கிறீர்கள்’ என்பது அடுத்த வாதம். நகரங்கள் சூடாக இருப்பது உண்மை. அதனால்தான் நகர நிலையங்களைத் தனியே பிரித்து ஒப்பிடுகிறோம். ஆனால் நடுக்கடலில் நகரம் இல்லை, கடலும் சூடாகிறது. 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆர்கோ திட்டத்தில் இன்று ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள் உலகக் கடல்களில் உலவுகின்றன. இவை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, அளந்துகொண்டே மேலேறி, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போகிறது என்பதை இந்த அளவைகள் உறுதி செய்திருக்கின்றன.

சந்தேகப்பட்டவர்கள் இந்தத் துறைக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு வளிமண்டல வெப்பநிலையைக் கணக்கிட்டு, 1990களில் வெப்பமடைதல் மிகக் குறைவு என்று காட்டினார்கள். அது கனமான எதிர்வாதம். நிலத்து வெப்பமானிகள் தவறா, செயற்கைக்கோள் தவறா என்று பல ஆண்டுகள் அடித்துக்கொண்டோம். 1998இல் ஃபிராங்க் வென்ட்ஸ் குழுவினர், செயற்கைக்கோள் மெல்ல மெல்ல உயரம் இழப்பதால் போலிக் குளிர்ச்சி தெரிகிறது என்று கண்டார்கள். 2005இல், செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடந்து அளக்கும் நேரம் நழுவுவதற்கான திருத்தத்திலும் பிழை இருப்பது வெளிப்பட்டது. கிறிஸ்டியும் ஸ்பென்சரும் இவற்றை ஏற்றுத் தங்கள் தொடரை மாற்றினார்கள். அவர்களுடைய தொடரே இன்று பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏற்றம் காட்டுகிறது. அதேபோல், பெர்க்லியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் எங்கள் முறைகளை நம்பவில்லை. தனிக்குழு அமைத்து, வேறு கணக்கு முறையில், தரவுகளை முதலிலிருந்து ஆராய்ந்தார். செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தது, காலநிலைக் கொள்கைகளை எதிர்ப்பதற்குப் பெயர்பெற்ற சார்லஸ் கோக்கின் அறக்கட்டளை. 2011இலும் 2012இலும் வந்த முடிவு எங்கள் வரைபடத்தின் மேல் ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. காரணம் மனிதனே என்று முல்லர் வெளிப்படையாக எழுதினார். தன் சந்தேகத்தைத் தானே சோதித்து, வந்த விடையை ஏற்றுக்கொண்ட அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை.

சரி, சூடாகிறது, மனிதன்தான் காரணம் என்பது எப்படித் தெரியும்? கரியமில வாயு வெப்பக் கதிரை உறிஞ்சும் என்பதை யூனிஸ் ஃபூட், ஜான் டின்டல் ஆகியோரின் 1850களின் சோதனைகளிலிருந்தே அறிவோம். அது இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டார். அப்போது மாநாடும் இல்லை, மானியமும் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கிய 1958இல் சுமார் 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கூடுதல் வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதன் அணுக்களிலேயே அடையாளம் இருக்கிறது. உயிருள்ளவற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்க அணு உண்டு. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள்; அதாவது அவ்வளவு காலத்தில் பாதி சிதைந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிச்சமே இல்லை. காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950களிலேயே மர வளையங்களில் கண்டார். எரிமலைகள் ஆண்டுதோறும் விடும் கரியமில வாயு, நாம் விடுவதில் 1 விழுக்காடு கூட வராது.

சூரியனே காரணமாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம்; நானும் கேட்டவன்தான். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. சூரியன் வலுத்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ் வரை முழுவதுமே சூடாக வேண்டும். கரியமில வாயுபோல வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுங்குடில் வாயுக்கள் காரணமென்றால் கீழ்ப்பகுதி சூடாகும், அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிரும். இதை ஸ்யுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல், அளக்கும் செயற்கைக்கோள்கள் பறப்பதற்கு முன்பே கணித்துச் சொன்னார்கள். பின்னாளில் அளந்தபோது கீழே வெப்பம், மேலே குளிர்ச்சி. ஓசோன் குறைந்ததற்கும் அந்தக் குளிர்ச்சியில் பங்கு உண்டு என்றாலும், ஓசோனின் பங்கு சிறுத்துப்போகும் மிக உயரமான பகுதியிலும் குளிர்ச்சி தெளிவாகத் தெரிகிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை நேரடியாக அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சி தெரிகிறது, ஏறுமுகம் எதுவும் தெரியவில்லை. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கணிப்புதான்.

இதுவரை எழுதியது உறுதியானது. இனி உறுதியில்லாதது. கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி ஏறும்? 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 வரை என்றது. 2013இலும் அதே வரம்புதான் சொல்லப்பட்டது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையேயான குழு, அதாவது ஐபிசிசி, 2021இல் அதை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கியது. இன்னும் அகலமான வரம்புதான். 2.5 டிகிரி உலகமும் 4 டிகிரி உலகமும் ஒன்றல்ல. மேகங்கள் எப்படி மாறும் என்பதும், காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் எவ்வளவு வெப்பத்தை மறைத்து வைத்திருக்கின்றன என்பதும் இதில் பெரிய முடிச்சுகள். ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் மழை கூடுமா குறையுமா என்று கேட்டால் மாதிரிகள் பல இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. புயல்களின் எண்ணிக்கை உலக அளவில் கூடியதாகத் தெளிவான சான்று இல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவி தாங்கும் என்பதால் கொட்டும் மழை கனமாகும் என்பதற்கு மட்டும் உறுதியான அடிப்படை உண்டு. ஆகவே ஒரு புயல் அடித்த மறுநாளே ‘இது காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று தலைப்புப் போடுவதை நான் ஏற்பதில்லை.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். ஐபிசிசியின் 2007 அறிக்கை, இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்றது. அது தகுந்த ஆதாரமில்லாத வரி, 2010 ஜனவரியில் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆர்க்டிக் கோடைப்பனி 2013க்குள் முழுதாக மறைந்துவிடும் என்று சிலர் சொன்னது நடக்கவில்லை. நாசா அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சனின் 1988 கணிப்பில், உமிழ்வு நடுத்தர அளவில் கூடும் என்று வைத்த பாதை கூட அளந்ததைவிடக் கூடுதல் வெப்பத்தைச் சொன்னது. 2009 நவம்பரில் பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டபோது, விசாரித்த குழுக்கள் மோசடி எதுவும் இல்லை என்றன. ஆனால் தரவைக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் இழுத்தடித்த போக்கைக் கண்டித்தன. அந்தக் கண்டனம் நியாயமானது. தரவைப் பூட்டி வைத்துவிட்டு ‘எங்களை நம்புங்கள்’ என்பது அறிவியல் ஆகாது. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும்: 1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளைப் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், உண்மையில் வெளியான உமிழ்வைக் கணக்கில் கொண்டால் 14 கணிப்புகள் அளந்ததோடு ஒத்துப்போயின.

உங்களை ‘மறுப்பவர்’ என்று அழைத்தவர்கள் செய்தது தவறு. கேள்வி கேட்டு, விடைக்காகக் காத்திருப்பவரை அப்படி அழைக்கக் கூடாது. ஒரு கேள்விக்கு விடை வந்தவுடன் அதைக் கேட்காததுபோல அடுத்ததற்குத் தாவி, சுற்றி வந்து முதல் கேள்வியையே மறுபடி கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு பேசிப் பேசி அலுத்துப்போனவர்கள் உங்கள் மேல் எரிந்து விழுந்திருக்கலாம்.

இனி கையெழுத்துகளுக்கு வருவோம். இங்கே என் குரல் உங்கள் குரலோடு நிறையவே சேரும். 1992இல் ரியோவில் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் கட்டாய இலக்கு எதுவும் இல்லை. 1997இல் வந்த கியோட்டோ நெறிமுறை, வளர்ந்த நாடுகள் 2008க்கும் 2012க்கும் இடையில் தங்கள் உமிழ்வை 1990 அளவிலிருந்து மொத்தமாகச் சுமார் 5 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலையிலேயே, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கக் கூடாது என்று அமெரிக்க செனட் 95க்கு 0 என்று தீர்மானம் போட்டுவிட்டது. அமெரிக்கா கையெழுத்திட்டது, ஒப்புதல் அளிக்கவில்லை. கனடா இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்தவுடன் 2011 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது; தண்டனை ஒன்றும் இல்லை. சோவியத் ஒன்றியம் சிதறி ஆலைகள் மூடிக் கிடந்ததால் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் எந்த முயற்சியும் இல்லாமலே உபரி உமிழ்வு உரிமைகள், அதாவது ஒதுக்கிய அளவில் பயன்படாமல் மிஞ்சியவை, கிடைத்தன.

அதைவிட மோசமானது ஒரு குளிர்பதன வாயுவின் கதை. எச்.சி.எஃப்.சி.-22 என்ற குளிரூட்டியைத் தயாரிக்கும்போது எச்.எஃப்.சி.-23 என்ற கழிவு வாயு வரும். அன்றைய கணக்கில் அது கரியமில வாயுவைவிட 11,700 மடங்கு வலிமையானது. வளரும் நாடுகளின் ஆலைகள் அதை எரித்து அழித்தால், கியோட்டோ விதிகளின்படி ஒவ்வொரு டன்னுக்கும் 11,700 டன் அளவுக்கான உமிழ்வுக் குறைப்புச் சான்றுகள் கிடைக்கும்; வளர்ந்த நாடுகள் அவற்றை விலைக்கு வாங்கித் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அழிக்க ஆகும் செலவோ மிகச் சொற்பம். விளைவு என்ன? கழிவை அழிக்கும் வருமானம் குளிரூட்டியை விற்கும் வருமானத்தை மிஞ்சியது. அழிப்பதற்காகவே கழிவை உண்டாக்குவது லாபமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்தச் சான்றுகளைத் தன் சந்தையில் தடை செய்தது. காற்றைச் சுத்தம் செய்ய எழுதிய விதியே கழிவுக்கு விலை வைத்துவிட்டதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் போகவில்லை.

2015 டிசம்பர் 12 அன்று நிறைவேறிய பாரிஸ் ஒப்பந்தம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்ளும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். எட்டாவிட்டால் தண்டனை கிடையாது. கடைப்பிடித்தலைக் கவனிக்கும் குழுவே தண்டிக்காத தன்மையுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். கடைசி நாளில் ஒரே சொல்லுக்காக எல்லாம் தடுமாறி நின்ற சம்பவம் இந்த ஒப்பந்தங்களின் இயல்பை நன்றாகக் காட்டும். வளர்ந்த நாடுகளின் இலக்கைப் பற்றிய வரியில், ‘செய்தாக வேண்டும்’ என்று கட்டாயப் பொருள் தரும் சொல் அச்சாகியிருந்தது. அப்படியே விட்டால் செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் என்று அமெரிக்கா பதறியது. பிறகு, எழுத்துப் பிழைகளைத் திருத்தும் பட்டியலோடு சேர்த்து, ‘செய்யத் தக்கது’ என்ற பொருள் தரும் சொல்லாக அதை மாற்றி வாசித்தார்கள். ஒப்பந்தம் பிழைத்தது. அந்த அமெரிக்கா 2020 நவம்பரில் விலகியது, 2021 பிப்ரவரியில் மீண்டும் சேர்ந்தது, 2025 ஜனவரியில் மறுபடி விலகுவதாக அறிவித்தது.

நீதியைப் பற்றிய உங்கள் கேள்வி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. இதுவரை மனிதர்கள் எரித்து வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. இன்று ஆளொன்றுக்கு ஆண்டுக்கு அமெரிக்கர் சுமார் 14 டன், சீனர் சுமார் 8 டன், இந்தியர் சுமார் 2 டன் வெளியேற்றுகிறார்கள். 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்த பணம், 2022இல்தான் அந்த அளவை எட்டியதாக வளர்ந்த நாடுகளின் சொந்த அமைப்பான ஓஇசிடியே சொல்கிறது. அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் வீடிழந்த நாட்டுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு அதை உதவி என்று எழுதிக்கொள்வதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இந்த நீதி வாதத்துக்குள் வெப்பமடைதலை ஒப்புக்கொள்வது அடங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பூமி சூடாகவில்லை என்றால் வளர்ந்த நாடுகள் யாருக்கும் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’, ‘ஒன்றும் கெடவில்லை’ என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கடனாளி தப்பிவிடுவான்.

ஒப்பந்தங்களால் ஒரு பயனுமே இல்லையா? நிலக்கரி, எண்ணெய் போன்ற படிம எரிபொருள்களால் உலகில் வரும் உமிழ்வு 1990இல் ஆண்டுக்குச் சுமார் 2,250 கோடி டன் கரியமில வாயு. இப்போது சுமார் 3,800 கோடி டன். இது தோல்விக் கணக்கு. அதே சமயம், 2000களில் ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடு வேகத்தில் கூடிக்கொண்டிருந்தது, கடந்த பத்தாண்டில் 1 விழுக்காட்டுக்கும் கீழே வந்திருக்கிறது. பாரிஸுக்கு முன் நூற்றாண்டு முடிவில் 4 டிகிரியை ஒட்டிய ஏற்றம் என்று பேசினோம். இன்றைய கொள்கைகளின்படி 3 டிகிரியை ஒட்டி என்கிறோம். 1882இல் லண்டனில் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிய பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. இதில் எவ்வளவு ஒப்பந்தத்தால், எவ்வளவு சூரியத் தகடுகள் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய 90 விழுக்காடு விலை குறைந்ததால் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் ஊகம், விலைக்கே பெரும்பங்கு. அந்த விலையை இறக்கிய ஆரம்பகால மானியங்களைக் கொடுக்க அரசுகளுக்கு ஒப்பந்தங்கள் துணிவு தந்தன. இது ஊகம்தான்.

பன்னாட்டு ஒப்பந்தம் என்றாலே பலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓசோன் படலத்துக்காக 1987இல் எழுதிய மாண்ட்ரியல் நெறிமுறை பலித்தது. சேராத நாடுகளோடு அந்த வேதிப்பொருள்களில் வணிகம் கிடையாது என்றது. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், பிறகு தனி நிதியும் கொடுத்தது. உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. ஓசோன் இப்போது மெல்ல மீண்டுவருகிறது. மாற்றுப் பொருள்கள் கைவசம் இருந்ததும், தயாரித்த நிறுவனங்கள் சிலவே என்பதும் அங்கே வேலையை எளிதாக்கின. நிலக்கரியும் எண்ணெயும் உலகப் பொருளாதாரத்தின் அடித்தளத்திலேயே கலந்திருக்கின்றன என்பதால் அதே விதிகளை அப்படியே தூக்கி வைக்க முடியாது. என்றாலும், கட்டாயத்தோடு பணமும் சேர்ந்த இடத்தில் ஒப்பந்தம் நடந்திருக்கிறது. கியோட்டோவிலும் பாரிஸிலும் அந்த இரண்டும் ஒருசேர வாய்க்கவில்லை.

எதைக் கண்டால் மனம் மாறுவேன் என்று கேட்டீர்கள். பெரிய எரிமலை வெடிப்பு எதுவும் இல்லாமல், ஆர்கோ மிதவைகள் அளக்கும் கடல் வெப்பம் 10, 15 ஆண்டுகள் ஏறாமல் நின்றால், என் புரிதலில் அடிப்படைக் கோளாறு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும்போது மேல் வளிமண்டலம் சூடாகத் தொடங்கினால், மனாபேயின் கணிப்பைக் கைவிட்டு வேறு காரணம் தேடுவேன். மேற்பரப்பு வெப்பநிலை சில ஆண்டுகள் தேங்கினால் மட்டும் மாற மாட்டேன். 1998க்குப் பிறகும் அப்படித்தான் தேங்கியது, 2015இலும் 2016இலும் முந்தைய உச்சங்களை உடைத்துக்கொண்டு போனது. ஒப்பந்தங்களைப் பற்றிய என் கணிப்பை மாற்ற இதைவிட எளிய அளவுகோல் இருக்கிறது. இந்த நூற்றாண்டில் உலக உமிழ்வு பளிச்சென்று இறங்கியது 2009இன் நிதி நெருக்கடியிலும் 2020இன் பெருந்தொற்றிலும்தான். அப்படிப்பட்ட துயரம் எதுவும் இல்லாமல் அது தொடர்ந்து நான்கைந்து ஆண்டுகள் இறங்க வேண்டும். 1960களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 1 பங்குக்கும் குறைவாக ஏறிய, மௌனா லோவாவில் அளக்கும் கரியமில வாயு, கடந்த பத்தாண்டில் ஆண்டுக்கு 2 பங்குக்கு மேல் ஏறுகிறது. அந்த 2 மறுபடி 1ஐ நோக்கி இறங்கினால், பாரிஸைப் பற்றி மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.